ஜூலையில் வாங்க!

"இங்கேயா? அலையா? யாருங்க உங்களுக்கு இப்படி ஒரு புரளியைச் சொன்னது?" என்று கேட்டுவிட்டு டோனல் தேநீரை ஊதிக் குடித்தான்.

காரிலிருந்து இறங்கிய பெண்மணிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கம்பளிக் குல்லாய் புருவம் வரை, மப்ளர் மூக்கு வரை. வாடகைக் காரின் தலையில் ஒரு அலைச்சறுக்குப் பலகை கட்டியிருந்தது. போதாதா? இந்தக் கில்லோராக் கடற்கரைக்குப் பலகையோடு வருகிற வெளியூர்க்காரர்களைப் பேசியே திருப்பி அனுப்புவதில் டோனலுக்கு இருபது வருட அனுபவம்.

"நவம்பர்ல இங்க அலை பிரமாதமா இருக்கும்னு கேள்விப்பட்டேன்."

"நவம்பர்லயா! நோரீன் அக்கா, கேட்டீங்களா கதையை?"

"நவம்பர்ல இங்க சளிதான் பிரமாதமா பிடிக்கும்," என்றாள் தேநீர் வண்டிக்குள் இருந்த நோரீன், ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே.

கடலும் அன்று டோனலின் கட்சி. மூன்று நாளாக விடாத மேற்குக் காற்று, வருகிற அலையையெல்லாம் முதுகில் தள்ளிக் கஞ்சியாகக் கலக்கியிருந்தது. அந்தக் காற்று மட்டும் திசை மாறி நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வீசட்டும், அப்புறம் பார்க்க வேண்டும்! கரைக்கு எதிரே தண்ணீருக்கடியில் இருக்கிற பாறைத் திட்டின் மேல் இரண்டு ஆள் உயரத்துக்கு அலை நிமிர்ந்து நின்று, சீராக முந்நூறு மீட்டர் ஓடும். அக்டோபரிலிருந்து மார்ச் வரை அதுதான் கூத்து. அதற்காகவே டப்ளினில் பார்த்த வங்கி வேலையை உதறிவிட்டு இங்கே வந்து தபால்காரன் ஆனவன் டோனல்.

அந்த அலைக்குத்தான் இப்போது ஆபத்து. மீன்பிடித் துறைமுகத்துக்குத் தடுப்புச் சுவர் கட்டப் போகிறார்களாம். கல்லைக் கொட்டப்போவது அந்தப் பாறைத் திட்டின் மேலேயே. கொட்டினால் அலை செத்தது. நாளை மறுநாள், வியாழக்கிழமை, ஊர் மண்டபத்தில் அரசு விசாரணை. எதிர்த்துப் பேசப்போவது டோனல். இரண்டு வாரமாக அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்த லட்சணத்தில் வெளியூர்க் கூட்டம் வேறு வந்து சேர வேண்டுமா?

"அப்ப எப்பத்தான் வரணும்?" என்றாள் அந்தப் பெண்மணி.

"ஜூலையில வாங்க. மேல்காத்து நல்லா அடிக்கணும். அப்பவும் முழங்கால் உயரத்துக்கு வந்தா உங்க அதிர்ஷ்டம்."

ஜூலையில் கில்லோராக் கடலில் குழந்தைகள் வாளியோடு விளையாடுவார்கள். அவ்வளவு சாது.

"அலையில இறங்கறவங்க போடற ரப்பர் உடுப்பு உங்க வண்டியில ஈரமாத் தொங்குதே?"

"அதுவா? நண்டு பிடிக்கப் போட்டுக்கறது."

நோரீன் சட்டென்று குனிந்து அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். சிரிப்பை அடக்க வேறு வழியில்லை.

"எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?"

"இருபது."

"இருபது வருஷத்துல ஒரு நல்ல அலைகூடப் பார்த்ததில்லையா?"

"எங்கம்மா மேல ஆணையா இல்லைங்க!"

அவள் தேநீரைக் குடித்து முடித்து, நன்றி சொல்லிவிட்டுக் காரைக் கிளப்பிக்கொண்டு போனாள்.

"பாவம்டா, தங்கமான மனுஷி," என்றாள் நோரீன்.

"தங்கமானவங்கதான் அக்கா மோசம். ஒருத்திக்கு உண்மையைச் சொன்னா, அடுத்த சனிக்கிழமை நாப்பது தங்கம் தண்ணியில நிக்கும்."

வியாழக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். நடுவில் கறுப்புக் கோட்டும் கண்ணாடியுமாக இருந்த பெண் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டே இருந்தாள். டோனல் எழுந்தான். ஜனங்களைப் பார்த்துப் பேசினான். குளிர்கால அலையைப் பற்றி, கிழக்குக் காற்று அதை நிமிர்த்துகிற அழகைப் பற்றி, நாடு முழுக்கத் தேடினாலும் இதற்கு ஜோடி கிடையாது என்பது பற்றி. கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆயிற்று.

"புகைப்படம் ஏதாவது இருக்கா?" என்றாள் அதிகாரி, குனிந்தபடியே.

"இல்லீங்க. எடுக்கக் கூடாதுன்னு எங்களுக்குள்ள கட்டுப்பாடு. படம் வெளிய போனா கூட்டம் வந்துடும்."

"பத்திரிகையில வந்த செய்தி? யாராவது அளந்து வெச்ச குறிப்பு?"

"அதுவும் இல்லீங்க."

"அப்ப உங்க வார்த்தை மட்டும்தான்."

"இருபது வருஷமா இந்தக் கடலைப் பார்த்தவன் வார்த்தைங்க மேடம். அது போதாதா?"

"தாராளமாப் போதும்," என்று அவள் நிமிர்ந்து கண்ணாடியைக் கழற்றினாள். "அதை நீங்க செவ்வாய்க்கிழமையே தேநீர் வண்டிப் பக்கத்துல வெச்சு எனக்குக் குடுத்துட்டீங்களே!"

குல்லாயும் மப்ளரும் இல்லாத அந்த முகத்தை டோனல் அப்போதுதான் சரியாகப் பார்த்தான். கூட்டத்தில் நோரீன் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"மேடம்! அன்னிக்குச் சொன்னது அத்தனையும் பொய்ங்க!" என்று கத்தினான்.

அவள் கோபப்படவில்லை. குறிப்பேட்டில் கடைசி வரியை எழுதி முடித்து, பேனாவை மூடினாள்.

"நான் யாருன்னே தெரியாத அன்னிக்கு என்கிட்டப் பொய் சொல்ல உங்களுக்கு ஒரு அவசியமும் இல்லையே. தெரிஞ்ச இன்னிக்குத்தானே இருக்கு!"