இரண்டாவது கிட்டார்

ஸ்டாண்டில் ஒரு கிட்டார்தான் இருந்தது.

ராகேல் பின்னறை வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து காலையில்தான் வந்திருந்தாள். முன்னறையில் பிள்ளையை அம்மா மடியில் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்னறைக்கு வந்ததே தன் கிட்டார்களைப் பார்க்கத்தான்.

கனத்த லெஸ் பால் இருந்தது. மெலிந்த டெலிகாஸ்டர் இல்லை.

“அத வித்தாச்சு,” என்றான் பின்னால் வந்த அவள் புருஷன் ஜெயன். பழைய பேப்பரை எடைக்குப் போட்டவன் மாதிரி சொன்னான்.

“யார்ட்ட கேட்டு வித்தீங்க?”

“ஒண்ணு போராதா ராகேல்?”

அப்புறம் அவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனான். வீடியோ நிறையப் பார்த்தானாம். லெஸ் பாலில் ஒரு சுவிட்ச் மாற்றி வைத்தால் டெலியின் சத்தமும் அதிலேயே வந்துவிடுமாம். கண்ணைக் கட்டிவிட்டு வாசித்துக் காட்டினால் பெரிய வாசிப்புக்காரர்களுக்கே எது எதுவென்று தெரியவில்லையாம். கழக்கூட்டம் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவன் அவன். ஒரு கம்பியைச் சுதி சேர்க்கத் தெரியாது. சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

ராகேலுக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

கேட்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாமல் போகலாம். வாசிக்கிற கைக்குத் தெரியாதா?

டெலி வெறும் பலகை மாதிரி. அடித்த அடி அப்படியே திரும்பி வரும். தப்பாக அடித்தால் அந்தத் தப்பையும் மறைக்காது. கல்யாண வரவேற்பு மேடையில் டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்து இரையும்போது, அந்த இரைச்சலைக் கிழித்துக்கொண்டு வெளியே கேட்பது அதுதான். லெஸ் பால் வேறு பிறவி. ஒரு சுரத்தைத் தொட்டால், போக மனசில்லாமல் நின்று முழங்கும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மெதுவான பாட்டுகளை அவள் அதில்தான் வாசிப்பாள். ஒன்று மற்றதன் வேலையைச் செய்யுமென்றால், இத்தனை வருஷம் இரண்டையும் தோளில் சுமந்துகொண்டு அவள் ஏன் பஸ் ஏறியிருக்க வேண்டும்?

விற்றதும் விற்றான், கனம் குறைந்ததை விற்றிருக்கிறான்.

வீம்புக்கு லெஸ் பாலை எடுத்து வாரைத் தோளில் மாட்டினாள். கட்டையின் விளிம்பு அடிவயிற்றுத் தையலில் போய் இடித்தது. மூச்சு நின்றது. கிட்டாரைக் கட்டிலில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இதுக்க கனம் தெரியுமா ஒங்களுக்கு? வயித்தக் கீறித் தச்சிருக்கு. இத வச்சு நான் எப்பிடி வாசிக்க?”

ஜெயன் கிட்டாரை எடுத்து ஸ்டாண்டில் திருப்பி வைத்தான். அது அவளை இன்னும் எரியவைத்தது.

டெலியின் பையாவது மிச்சமிருக்கிறதா என்று எழுந்துபோய் அலமாரியைத் திறந்தாள். பை இல்லை. அது வழக்கமாக இருக்கும் தட்டில் பிள்ளைத் துணிகளை அடுக்கியிருந்தான். ஒரு கம்பளித் தொப்பி. ஒரு ரப்பர் ஷீட். ஒரு கொசுவலைக் குடை.

திரும்பிப் பார்த்தாள். ஜன்னலோரம் ஒரு மரத்தொட்டில்.

சாலைக் கடைத்தெருவில் இரண்டு பேருமாகச் சேர்ந்து அலைந்து வாங்கிய சாமான்கள் இவை. அன்றைக்கு எல்லாமே இரண்டிரண்டாக வாங்கினார்கள். ஸ்கேனில் இரண்டு இதயம் துடிப்பதைப் பார்த்துவிட்டு நேரே கடைக்குப் போன நாள் அது.

முதலில் வந்தது பெண். பின்னால் வந்தவன் ஒரு பகல்கூட இருக்கவில்லை. ராகேல் மயக்கத்தில் கிடந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பாறசாலை சபைக் கல்லறைக்கு ஜெயன்தான் தனியாக எடுத்துப்போனான். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் இருக்கிற பிள்ளையின் மூக்கையும் நிறத்தையும் பற்றியே பேசினார்கள். போனவனைப் பற்றி ஒருவரும் வாயெடுக்கவில்லை. ஜெயனும்தான்.

“மற்றத் தொட்டில் எங்க?”

“பாலராமபுரத்துல. அக்கா வீட்ல.” அவன் ஜன்னலோரத் தொட்டிலைப் பிடித்துக்கொண்டான். “கல்லறையில இருந்து நேரா இங்கதான் வந்தேன். ரெண்டு ரெண்டா எதக் கண்டாலும் என்னால நிக்க முடியல்ல ராகேல். ஒண்ணொண்ணா எடுத்து மாத்தினேன். கடைசியில பாத்தா, இந்தக் கிட்டாரும் ரெண்டா நிக்குது.”

அந்த வீடியோக்கதை எல்லாம் இதைச் சொல்ல முடியாமல் சொன்னது.

கோபம் அடங்கும் என்றுதான் அவளும் நினைத்தாள். அடங்கவில்லை. தனியாகப் போய்ப் புதைத்திருக்கிறான். தனியாக வந்து வீட்டைத் துடைத்திருக்கிறான். பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“எல்லாத்தையும் கொண்டு வாங்க,” என்றாள். முன்னறையில் பிள்ளை திடுக்கிட்டு அழுகிற அளவுக்குச் சத்தம் போட்டாள். “நான் ரெண்டு பெத்தவளாக்கும்.”

ஜெயன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

டெலியை வாங்கியவன் போனை எடுக்கவேயில்லை. சாயங்காலம் ஓர் ஆட்டோவில் தொட்டில் மட்டும் வந்தது. ஜெயன் அதைத் தூக்கிவந்து, கண்ணில் படாதபடி அலமாரிக்குப் பின்னால் சுவரோரம் வைத்தான்.

“அங்க இல்ல,” என்றாள் ராகேல். கோபம் இன்னும் குரலில் அப்படியே இருந்தது. “அவளுக்கத் தொட்டில் பக்கத்துல வைங்க.”