பின்னால் தெரிவது

போன் திரையில் தன் தலைக்குப் பின்னால் புத்தகங்கள் முழுசாகத் தெரிகின்றனவா என்று மெக்கானிக் இன்னொரு முறை பார்த்துக்கொண்டான்.

தெரிந்தன. தடிதடியாக, தங்க எழுத்துப் போட்ட முதுகுகளோடு, தட்டு நிறைய.

இதயநோய், வருமான வரி, நட்சத்திர மண்டலம். எதைப் பற்றியதாக இருந்தால் என்ன? பழைய பேப்பர் கடையில் எடைக்கு எடுத்தவை. கனமானதாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தான்.

அலமாரியும் அவன் கையால் செய்ததுதான். புது வண்டிகள் வந்திறங்கும் மரப்பெட்டிகளைப் பிரித்து, பலகைகளைத் தேய்த்து வார்னிஷ் பூசினான். ஆணி அடித்துப் பழக்கமில்லை. மூலைக்கு மூலை போல்ட் போட்டு முடுக்கிவிட்டான்.

"பெரிய மேதாவி மாதிரியே இருக்கடா" என்று அக்கா அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். சிரிக்கத்தான் பார்த்தாள். வரவில்லை.

நகக்கண்ணில் இருந்த கறுப்பு மட்டும் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. வீடியோ விசாரணையின்போது கையைத் திரையில் காட்டாமல் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் அவனுடைய வக்கீல்.

அலமாரி யோசனையும் அவருடையதே. மகளைத் தன்னிடமே விட்டுவிட வேண்டும் என்று மனைவி கொடுத்த மனுவில் இப்படி ஒரு வரி இருந்தது: பெயருக்குக்கூட ஒரு புத்தகம் இல்லாத வீடு அது, அங்கே வளர்ந்தால் பிள்ளையின் எதிர்காலம் பாழ்.

மனைவி கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். அவளுக்கு எழுத வரும்.

திரையில் கட்டங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நீதிபதி அம்மாள். இரண்டு வக்கீல்கள். மனைவி.

நீதிபதி காகிதங்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். பார்வை அவன் முகத்தில் நிற்கவில்லை. தோளைத் தாண்டிப் போனது.

"நிறைய படிப்பீங்க போல?"

"ஆமாங்கம்மா. நேரம் கிடைக்கும்போதெல்லாம்."

அவனுக்குக் காது இரண்டும் சுட்டன.

ஆனால் நீதிபதி தலையாட்டினார். மனைவியின் புருவம் ஏறி இறங்கியது. வக்கீலின் முகத்தில் ஒரு மலர்ச்சி. மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன நாளுக்குப் பிறகு, இப்போதுதான் அவனுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

"குழந்தையக் கூப்பிடுங்க. நடுவுல யாரும் பேசக் கூடாது."

அவனுடைய மைக்கை அங்கிருந்தே மூடினார்கள்.

மகள் வந்து அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அது எப்போது ஆடியது, எப்போது விழுந்தது, எதுவும் அவனுக்குத் தெரியாது.

"பாப்பா, அம்மாகூட இருக்கியா, அப்பாகிட்டப் போறியா?" நீதிபதி மெதுவாகத்தான் கேட்டார்.

"நம்ம வீட்டுக்குன்னா போறேன்" என்றாள் மகள் பட்டென்று.

அவன் கண் நிறைந்தது.

மகள் முகத்தைத் திரைக்கு மிக அருகில் கொண்டுவந்தாள். அவனைப் பார்த்தாள். அவன் வலது தோளுக்குப் பின்னால் பார்த்தாள். இடது தோளுக்குப் பின்னால் பார்த்தாள். எதையோ தேடுகிறவள் மாதிரி கழுத்தை எட்டி எட்டிப் பார்த்தாள்.

"இது நம்ம வீடு இல்ல. அப்பா வேற வீட்டுக்குப் போய்ட்டாங்க."

உதடு பிதுங்கியது.

"நான் அங்க போகல."

"நம்ம வீடுதான்டா பாப்பா!" என்று கத்தினான் அவன். திரையில் அவனுடைய வாய் மட்டும் அசைந்தது.

எழுந்து திரும்பி, இரண்டு கையாலும் புத்தகங்களை வாரினான். இதயநோய் தரையில் விழுந்தது. நட்சத்திர மண்டலம் மல்லாந்து விழுந்தது. அக்கா ஓடிவந்து, என்ன ஏதென்று கேட்காமல், அவளும் சேர்ந்து இழுத்துப் போட்டாள்.

பின்னாலிருந்து போனில் நீதிபதியின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

"குழந்தையே சொல்லிடுச்சு... அம்மாகிட்டயே இருக்கட்டும்..."

அலமாரிக்கு முதுகுப் பலகை கிடையாது. புத்தகங்கள் போனதும் சுவர் வந்தது.

சுவரில் சிவப்புக் கிரேயானில் ஒரு ஸ்கூட்டர், வீட்டைவிடப் பெரியதாக. அதன்மேல் மூன்று பேர். மூன்று பேருக்கும் காதுவரை சிரிப்பு. முழங்காலில் உட்கார்ந்து, அப்புறம் ஸ்டூல் போட்டு ஏறி, ஒரு நாள் முழுக்க மகள் வரைந்தது.

வெள்ளையடித்துவிடுங்கள், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றுதான் வக்கீல் முதலில் சொன்னார். பெயின்ட் வாங்கி, பிரஷ்ஷைக்கூட நனைத்துவிட்டான். கை போகவில்லை.

அதனால்தான், டேப்பை வைத்து அந்தப் படத்தை அளந்து, அதே நீளத்துக்கும் அதே உயரத்துக்கும் அலமாரியைச் செய்தான்.

போனை எடுத்து, கேமராவைச் சுவர்ப்பக்கம் திருப்பி, தட்டுகளுக்கு நடுவே நீட்டிப் பிடித்தான். சக்கரத்தைக் காட்டினான். மூன்று தலைகளையும் ஒவ்வொன்றாகக் காட்டினான்.

"பாத்தியா பாப்பா? பாத்தியா?"

நன்றாகக் காட்டி முடித்த பிறகுதான் திரையைத் தன் பக்கம் திருப்பினான்.

மகள் இல்லை. மனைவி இல்லை. அவனுடைய வக்கீலும் போய்விட்டிருந்தார்.

அந்தக் கட்டங்களில் அடுத்த வழக்குக்காரர்கள், ஒரு ஆணும் ஒரு பெண்ணும், தனித்தனியாக உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். அந்தப் பெண் சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.