சீர்ப் பெட்டி

நைட் ஷிப்ட் முடிந்து கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்த நாகமுத்து, வாசலில் டிரங்குப் பெட்டியைப் பார்த்ததும் சோர்ந்துபோனான். ஆடிச் சீரோடு அவன் புது மனைவி ரத்னாவை அழைத்துப்போக மாமியார் செங்கம்மாள் வந்துவிட்டாள்.

"அத்த, ஆப்பிரிக்காவுல இருக்கிற அண்ணன் எங்கள ஆடியிலதான் வரச் சொல்றாரு. அப்பதான் சிங்கம், யானை எல்லாம் நல்லா பாக்கலாமாம்."

"புதுப்பொண்ணு ஆடியில அம்மாகூடத்தான் இருக்கணும் மாப்ள."

"சரி, ஐப்பசி?"

"தலை தீபாவளி எங்க ஊட்ல."

"தை? கப்பல்ல போறதுக்கு கடல் கண்ணாடி மாதிரி இருக்குமாம்."

"ரத்னா தம்பிக்குக் கண்ணாலம்."

"சித்திரை?"

"அங்க அப்ப மழை ஊத்தும்னு நீங்கதான சொன்னீங்க?"

நாகமுத்துவுக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. "பேஜாரா கீது அத்த. வரலன்னு அண்ணனுக்கு எழுதிடறேன்."

"ஐயய்யோ, எதுக்கு? ஆடியிலயே போலாம்."

"ரத்னா உங்ககூட இல்ல இருக்கணும்?"

"இருப்பா."

செங்கம்மாள் பெட்டியைத் திறந்தாள். சீர் எதுவும் இல்லை. அவளுடைய புடவைகளும் ஒரு தூக்கு நிறைய எறாத் தொக்கும் இருந்தன.

"கப்பலுக்கு மூணு டிக்கெட்டா சொல்லிடுங்க மாப்ள. எனக்கும் ரத்னாவுக்கும் ஒரு ரூமு. உங்களுக்குத் தனி ரூமு."