கோடைக்கு ஒரு கம்பளி ஸ்கார்ஃப்

"கழுத்து முழுசா மறையுமா அண்ணி?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றிருந்த அக்காவின் கை, விரித்த பட்டு ஸ்கார்ஃபின் மேல் அப்படியே நின்றது.

தங்கைக்குக் கல்யாணம் முடிந்து ஆறு வாரம் ஆகிறது. அதன் பிறகு மாப்பிள்ளை இன்றைக்குத்தான் கடைப் பக்கம் வந்திருக்கிறார். வெளியே மண்டை பிளக்கிற வெயில். அக்கா வாயெல்லாம் பல்லாக, இருப்பதிலேயே மெல்லிசான பட்டாகப் பார்த்து எடுத்துப் போட்டிருந்தாள். பட்டோடு சேர்த்துத் தன் பாட்டையும் ஆரம்பித்திருந்தாள்.

பதினோரு வருஷமாக அவள் நிற்பது இந்த ஸ்கார்ஃப் கவுன்ட்டரில்தான். யார் வந்தாலும் பாட்டு ஒன்றுதான். ஒரு காலத்தில் இது வேர்வை துடைக்கக் கழுத்தில் சுற்றிய துணி. அப்புறம் சிப்பாய்கள் கட்டினார்கள். விமானம் ஓட்டியவர்கள், திரும்பித் திரும்பிப் பார்த்ததில் கழுத்துத் தோல் உரிந்துபோய், பட்டுக்கு மாறினார்கள். இன்றைக்குக் கூந்தலில் கட்டலாம், இடுப்பில் கட்டலாம், கைப்பையின் பிடியில்கூடக் கட்டலாம். பாதி உண்மை, பாதி வியாபாரம்.

இந்தப் பாட்டை முழுசாக, பொறுமையாகக் கேட்ட ஒரே ஆண் மாப்பிள்ளைதான்.

அப்போது அவர் மாப்பிள்ளை இல்லை, வாடிக்கையாளர். மாதம் ஒருமுறை, தவறாமல் வந்து மனைவிக்கு ஒரு ஸ்கார்ஃப் வாங்கிப் போவார். கவுன்ட்டர் பெண்கள் அவருக்கு வைத்த பெயர் பௌர்ணமி. கட்டினால் இப்படி ஒருத்தரைக் கட்ட வேண்டும் என்று ஆளாளுக்குப் பெருமூச்சு விட்டார்கள். இரண்டு வருஷம் போனது. அந்த மனைவி மாடிப்படியில் உருண்டு விழுந்து செத்துப்போனாள் என்று கேள்விப்பட்ட அன்று கவுன்ட்டரே அழுதது.

அவருக்குத் தங்கையைப் பேசி முடித்தது அக்காதான்.

அம்மா இழுத்தாள். ரெண்டாந்தாரமா என்று முகத்தைச் சுளித்தாள். பெண்டாட்டிக்கு மாதம் ஒரு ஸ்கார்ஃப் வாங்குகிறவனைவிட நல்லவன் எந்தக் கடையில் கிடைப்பான் என்று கேட்டு அம்மாவின் வாயை அடைத்ததும் அக்காதான்.

மாப்பிள்ளை பட்டை விரல் நுனியால் ஒதுக்கினார்.

"இது நழுவும். கம்பளியில அகலமா ஒண்ணு குடுங்க."

மறையுமா, நழுவுமா. அந்த இரண்டு வருஷமும் அவர் கேட்டது இந்த இரண்டைத்தான். நிறம் கேட்டதில்லை, டிசைன் கேட்டதில்லை. பாவம், அந்த மனைவிக்குக் குளிர் தாங்காத உடம்பு போலிருக்கிறது என்று அக்காவாக நினைத்துக்கொண்டாள். கோடையிலும் அப்படியே நினைத்துக்கொண்டாள். மூளையை எங்கே கழற்றி வைத்திருந்தாளோ தெரியவில்லை.

தங்கை போன் பேசி எட்டு நாள் ஆகிறது.

"அவ வரலையா?"

"கார்ல இருக்கா. இந்த வெயில்ல நீங்க எதுக்கு வெளிய வந்துகிட்டு, பில்லப் போடுங்க அண்ணி."

கைக்குக் கிடைத்த கம்பளி ஸ்கார்ஃபைப் பக்கத்துக் கவுன்ட்டர் பெண்ணிடம் தள்ளினாள். மாப்பிள்ளை கூப்பிட்டது காதில் விழுந்தும் விழாத மாதிரி வெளியே வந்தாள்.

கார் எதிர்ச்சாரியில் நின்றது. சாலையைத் தாண்டுவதற்குள் தங்கையின் கழுத்தை மனசுக்குள் பத்து விதமாகப் பார்த்துவிட்டாள். ஒவ்வொன்றும் முந்தையதைவிட மோசமாக இருந்தது.

கண்ணாடியைத் தட்டினாள். கண்ணாடி இறங்கியது.

தங்கை அகலக் கழுத்து வைத்த சட்டை போட்டிருந்தாள். கழுத்தில் ஒரு கீறல் இல்லை, ஒரு சிவப்பு இல்லை. நம்பாமல் அக்கா உள்ளே கையை விட்டுத் தடவியே பார்த்துவிட்டாள்.

"கூசுதுக்கா!" என்று தங்கை நெளிந்து சிரித்தாள். போன் தண்ணீரில் விழுந்துவிட்டதாம், புதுசு நாளைக்கு வருமாம்.

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னைத் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. வாய் நிறைய அண்ணி அண்ணி என்று கூப்பிடுகிற மனுஷனை, ஒரு நிமிஷத்தில் என்னவெல்லாம் ஆக்கிவிட்டாள்.

"என்னக்கா வாங்கறாரு?"

"கம்பளியில ஒண்ணு."

"இந்த வெயில்லயா? எனக்கு ஸ்கார்ஃப் கட்டற பழக்கமே இல்லையே!" தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். "நாளைக்கு வந்து மாத்திக்கறேன். மெல்லிசா ஒண்ணு எடுத்து வை."

அக்காவும் சிரிக்கத்தான் போனாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

முதல் மனைவி ஒரே ஒருமுறை கடைக்கு வந்திருக்கிறாள். அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவர் முதன்முதலாக வாங்கிப்போன கம்பளி ஸ்கார்ஃபை, மறுநாளே மாற்றிக்கொள்ள எடுத்து வந்திருந்தாள். எனக்குக் கட்டுற பழக்கமே இல்லை, எதற்கு வாங்கினார் என்றே தெரியவில்லை என்று அவளும் சிரித்தாள். ஆசையாக வாங்கிக் கொடுத்ததை மாற்றலாமா என்று செல்லமாகக் கடிந்து, அதையே அவள் கழுத்தில் அழகாகச் சுற்றி அனுப்பி வைத்தது அக்காதான்.

அன்றைக்கு அந்தக் கழுத்தும் இப்படித்தான் இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

அதற்கப்புறம் அவள் வரவில்லை. அவன் மட்டும்தான் வந்தான்.

எதிரே கடையின் கண்ணாடிக் கதவு திறந்தது. கையில் பையோடு அவன் படியிறங்கி வந்துகொண்டிருந்தான்.

அக்கா கார்க் கதவைத் திறந்தாள்.

"எறங்குடி," என்றாள்.