கரண்ட் திருடனைத் தேடிய ஃபிரிட்ஜ்

சிரிப்பு கடைசியில்தான் வரும். அதுவரை வாயைப் பொத்திக்கொள்ளுங்கள்.

ஜூஸ் கடைக்குப் புதிதாக வந்த மீட்டர், "கரண்டை அதிகமா குடிக்கிறவரை முதலாளி இன்னைக்கே காயலான் கடைக்கு அனுப்பப்போறார்" என்றது.

கதவு சரியாக மூடாத ஃபிரிட்ஜ் உறுமியது: "கர்ர்ர்... ஒவ்வொருத்தரா அணைஞ்சு பாருங்கடா, திருடன் மாட்டுவான்!"

ஃபேன், "கிறீச்... நான் இல்லண்ணே" என்று நின்றது. மிக்சி, "ட்ர்ர்... நானுமில்ல" என்று அடங்கியது. பல்பும் கண்ணை மூடிக்கொண்டது. மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

"பாத்தீங்களா, இன்னும் குடிக்கிறான்!" என்று துள்ளியது ஃபிரிட்ஜ். "எல்லாரும் மூச்சு விடாம இருங்க. சத்தத்தை வச்சே பிடிக்கிறேன்."

கடையே அமைதியானது. ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது.

கர்ர்ர்...

"ஐயையோ," என்று கிசுகிசுத்தது ஃபிரிட்ஜ், "முதலாளி வர்றதுக்குள்ள யாராவது என் கதவை இழுத்துச் சாத்துங்கடா!"