மூன்று ரப்பர் பேண்டுகள்

ஆவடியில் பஸ் நிறுத்தத்தை ஒட்டிய ரத்தப் பரிசோதனை நிலையத்தின் படியில், காலை வெயிலில் ரிப்போர்ட்டை விரித்துப் பிடித்தபடி நிற்கிறான் கஜபதி. சிறுநீரில் புரதம் இல்லை. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அறுபத்திரண்டிலிருந்து நாலுக்கு இறங்கிவிட்டது. இரண்டு வருஷமாக ஐயப்பன்தாங்கலில் தன் அக்கா வீட்டோடு இருக்கும் அவன் மனைவி லோகநாயகி, அவன் சிறுநீரகக் கல் வலியில் சுருண்டு கிடந்த அன்று வந்தவள், இந்த எண் அஞ்சுக்குள் வரும்வரைதான் இருப்பேன் என்று முதல் ரிப்போர்ட்டிலேயே சொல்லிவிட்டாள். இப்போது பக்கத்தில் நிற்கிறாள். ஒரு கையில் துணிப்பை, மறு கையில் அவனுடைய தண்ணீர் பாட்டில். பாட்டிலின் கழுத்தில் மூன்று ரப்பர் பேண்டுகள். அவன் ஒரு லிட்டர் குடித்தால் ஒன்றைக் கழற்றுவாள், விடிந்ததும் மறுபடி மாட்டுவாள். அவள் வந்த பதினேழு நாளும் மிச்சம் வைக்காமல் குடித்திருக்கிறான். குடித்த ஒவ்வொரு லிட்டரும் அவளை இந்த நிறுத்தத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தது இப்போதுதான் உறைக்கிறது. "எவ்ளோ கீது?" என்கிறாள். "நாலு." பொய் சொல்ல வாய் வரவில்லை. அவள் பேண்டுகளைக் கழற்றி அவன் மணிக்கட்டில் மாட்டுகிறாள். விரல்கள் கொஞ்ச நேரம் அங்கேயே தங்குகின்றன. "இனிமே நீயே எண்ணிக்கோ. வலிச்சா போன் பண்ணு." "வலிக்கலன்னா?" என்கிறான். பஸ் வந்து நிற்கிறது. லோகநாயகி பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்க்கிறாள். அடியில் ஒரு வாய்த் தண்ணீர் கிடக்கிறது. "மொதல்ல இத்தக் குடி," என்கிறாள், ஏறாமல். கஜபதி அதை வாயில் ஊற்றிக்கொண்டு, விழுங்காமல் நிற்கிறான்.