சன்னாசி வருகிற படம்

"ரெண்டு முறுக்கை மடியில கட்டிக்கிட்டுப் போடா. வெயில் ஏறினா பசிக்கும்."

ராக்காயி நீட்டியதைத் தம்பி சன்னாசி வாங்கவில்லை. ஈரத் தலையைக் கையாலேயே படிய வைத்துக்கொண்டிருந்தான்.

"மடி புடைச்சுக்கிட்டுத் தெரியும்க்கா. இன்னிக்குப் படம் பிடிக்கிறாங்க."

"ஆமா, பெரிய மாப்பிள்ளை!"

விடிந்ததும் தோட்டத்து ஆட்கள் பேர் கொடுக்கக் கூடுகிற களத்தில், மூன்று கால் வைத்த பெட்டி ஒன்றின் கைப்பிடியை ஒரு வெள்ளைக்காரர் சுற்றிக்கொண்டிருந்தார். ரப்பர் எப்படி வருகிறது என்று சீமையில் காட்டப் போகிறார்களாம்.

"யாரும் பெட்டியைப் பாக்கக் கூடாது! பாத்தவனுக்கு அரைச் சம்பளந்தான்!" கணக்கு எழுதுகிற கிராணி கத்தினார்.

சன்னாசி ரப்பர்ப் பால் வாளிகளைத் தோள்கம்பில் மாட்டிக்கொண்டு மரங்களுக்கு நடுவே நடந்தான். முறுக்குத் தட்டோடு நின்ற ராக்காயி, "டேய், இங்க பாருடா!" என்றாள். அவன் பார்க்கவில்லை. தோள் மட்டும் சிரிப்பில் குலுங்கியது.

ஐந்து மாதம் கழித்து, 1926 தைப்பூசம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, அந்தப் படம் கோப்பெங் பட்டணத்துத் தகரக் கொட்டகைக்கு வந்தது. மாட்டு வண்டிகளில் பாதித் தோட்டம் கிளம்பிவிட்டது. ராக்காயி காலையிலேயே முறுக்குச் சுட்டு டின்னில் அடைத்துக்கொண்டாள். வழியெல்லாம் அவளுக்கு ஒரே பேச்சு.

"கொட்டகையில மொகம் முறத்தளவு தெரியுமாம்டி காளியம்மா. மூக்கு மேல இருக்கிற மச்சங்கூடத் தெரியுமாம்!"

சாயங்கால ஆட்டத்தில் முதலில் தோட்டத்துப் படத்தைத்தான் போட்டார்கள். பெண்கள் முன்னால் தரையில் நெருக்கி உட்கார்ந்தார்கள்.

"ஐயோ, அந்தா நானு! நானேதான்!" காளியம்மா எழுந்து நின்று கத்தினாள்.

"உக்காருடி, ஒன் தலை ஒன்னையே மறைக்குது!"

"எம் மூக்குத்தி மின்னுது பாத்தியா?"

"மூக்குத்தியா அது? மூக்குல்ல வடியுது!"

கொட்டகை சிரித்து அடங்குவதற்குள் யாரோ, "அந்தா சன்னாசி!" என்றார்கள். ராக்காயி முட்டிபோட்டு எழுந்தாள். அதே தோள், அதே நடை. இரண்டு வாளிகளும் ஆட, அவன் மரங்களுக்குள் போய்க்கொண்டிருந்தான்.

"திரும்புடா... டேய், ஒரு தடவை திரும்புடா..."

அவன் புள்ளியாகிப் போனான். அடுத்து பால் ஊற்றுகிற ஆட்கள் வந்தார்கள், ரப்பர் பட்டை பிழிகிற உருளை வந்தது, படம் முடிந்துவிட்டது.

விளக்குப் போட்டதும் ராக்காயி டின்னைத் தூக்கிக்கொண்டு படம் ஓட்டுகிற அர்ச்சுனனிடம் ஓடினாள்.

"அண்ணே, தோட்டத்துப் படத்தை இன்னொரு தடவை காட்டுங்க. எந் தம்பி மொகம் தெரியல."

"முதுகு நல்லாத்தானே தெரிஞ்சுச்சு?"

"முதுகை வச்சு நான் என்ன செய்ய? மொகம் வேணும்."

"தினம் பாக்குற மொகந்தானேக்கா?"

ராக்காயி டின்னைத் திறந்து அவர் பக்கம் தள்ளினாள். "எடுங்க. இன்னிக்குச் சுட்டது."

அர்ச்சுனன் ஒன்றைக் கடித்தார். இன்னொன்றும் எடுத்துக்கொண்டார். "முறுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா போட்ட படத்தை உடனே போட்டா மொதலாளி கத்துவாருலா. அடுத்த ஆட்டத்துக்கு வாங்க."

"அதுக்குள்ள வண்டி போயிரும்."

காளியம்மா கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள். "காட்டுங்கண்ணே. என்னையக்கூடக் காட்ட வேணாம். அவனை மட்டும் காட்டிருங்க."

அவளுக்குப் பின்னால் தோட்டத்து ஆட்கள் இருபது பேர் வந்து நின்றார்கள்.

"என்னக்கா இது, ஒருத்தனுக்காக மொத்தத் தோட்டமும் நிக்குது! உங்க தம்பி என்ன ராஜாவா?"

"ராஜாதான்," என்றாள் ராக்காயி.

அர்ச்சுனன் மூன்றாவது முறுக்கையும் எடுத்தார். "சரி, எப்படியும் சுருளைப் பின்னால சுத்தித்தான் ஆகணும். மிஷின் வெளக்கைப் போட்டுக்கிட்டே சுத்துறேன், திரையில தெரியும். ஆனா எல்லாம் தலைகீழா நடக்கும், சொல்லிட்டேன். போனவங்க எல்லாம் வந்துக்கிட்டிருப்பாங்க."

ராக்காயி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி வருவானா?"

"சுத்துற சுத்துல வந்துதானே ஆகணும்!"

அவள் மிச்சத்தைக் கேட்க நிற்கவில்லை. கூட்டத்தைத் தாண்டி முன் வரிசைக்கு ஓடினாள். "வாரான்டி! இந்தத் தடவை நம்ம பக்கமா வாரான்! இனி மொகத்தை எங்க கொண்டுபோய் ஒளிப்பான்?"

கொட்டகை விளக்கு அணைந்தது. உருளை விழுங்கிய பட்டை வெளியே வந்தது. கொட்டிய பால் எகிறி வாளிக்குள் போனது. கொட்டகை கைதட்டி விசிலடித்தது. அப்புறம் ரப்பர் மரங்கள் வந்தன; அவற்றின் நடுவே ஒரு புள்ளி.

தோட்டத்து ஆட்களின் சிரிப்பு மட்டும் சட்டென்று நின்றது. ஒவ்வொருவராகத் தலைத்துண்டை அவிழ்த்தார்கள்.

படம் பிடித்த பத்தாம் நாள் குளிர்காய்ச்சலில் செத்துப்போனவன் சன்னாசி. அவன் முகத்தை ஒரு துண்டுக் காகிதத்தில்கூட யாரும் பிடித்து வைத்ததில்லை. மரங்களுக்குள்ளிருந்து அவன் அக்காவை நோக்கி வந்தான், கிட்டே, இன்னும் கிட்டே, திரை நிறைய, முதுகைக் காட்டியபடியே.